குறுக்கே போகிற லிஃப்ட்

பிப்ரவரி 11
அக்கரை முகாம்

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து எழுதவில்லை. தணிந்திருக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இங்கே போன் எடுக்காது. வனப்பூங்காவின் வாசலுக்குப் போனால் ஒரு கோடு, இரண்டு கோடு காட்டும். வாசலுக்கும் எங்கள் முகாமுக்கும் நடுவில் அரை நாள் ஜீப் பயணம், அப்புறம் ஓர் ஆறு, ஆற்றின்மேல் ஒரு மரப்பாலம். வாரத்துக்கு ஒருமுறை சாமான் ஏற்றி வரும் ஜீப்தான் எங்களுக்குத் தபால்காரர்.

பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் நடக்கத் தொடங்கினால் மறுபக்கம் வந்து சேர நாலைந்து நாள் ஆகுமாம். நானும் கால்நடை டாக்டரம்மாவும் ஓர் அறையில் இருக்கிறோம். தகரக் கூரை, இரண்டு கட்டில், குரங்குகளுக்குப் பயந்து ஜன்னலில் கம்பிவலை. டாக்டரம்மா நல்லவள். தூக்கத்தில் மட்டும் மான்களுக்கு மருந்துச் சீட்டு எழுதுகிறாள், சத்தமாக.

விடிந்ததும் நடைபாதைகளைச் சுற்றி வருவது என் வேலை. விழுந்த கிளைகளை ஒதுக்கவேண்டும், புதுக் காலடிகளைக் குறித்துக்கொள்ளவேண்டும், பிறகு பார்வையாளர்களை அழைத்துப் போகவேண்டும். நேற்று ஒருவர் கேட்டார், "மிருகம்லாம் எத்தனை மணிக்கு வரும்மா?" பதினோரு மணிக்கு வரும் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.

பஸ் நிலையத்தில் என் பெட்டியை மேலே ஏற்றினீர்கள். அப்புறம் பஸ் கிளம்பும்வரை அதன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் ஜன்னலோரம் இருந்தேன். டயரைவிட நான் கொஞ்சம் பார்க்க நன்றாக இருப்பேன் என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன்.

ஒருமுறை வந்து பாருங்கள்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 22

மகாராணிக்கு,

கடிதம் வந்தது. டயரில் காற்று குறைவாக இருந்தது. அதனால்தான் பார்த்தேன்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் மூன்றாவது மாடிக்கு மேலே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நாள் முழுக்க அதன் குழிக்குள் நிற்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறுகிறேன். அக்கா வந்திருந்தாள். சமையலறையைப் பார்த்துவிட்டு, "அவ காட்டுக்குப் போனா, நீ வீட்டுக்குள்ளயே காடு வளக்கறியாடா?" என்று கேட்டாள். அன்று முழுவதும் பாத்திரம் தேய்த்தேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ வேலைக்குப் போனது எனக்குக் கோபமில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து நீ வாடியதை நான்தான் தினமும் பார்த்தேன். ஆனால் விண்ணப்பம் போட்டாய், நேர்காணலுக்குப் போனாய், வேலையும் கிடைத்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "எனக்கு வேலை கிடைச்சிருக்குங்க, ரெண்டு வருஷம்" என்றாய், உப்பை இப்படித் தள்ளுங்கள் என்பதுபோல. நீ என்னிடம் கேட்கவில்லை. சொன்னாய். அவ்வளவுதான்.

அங்கே குளிர் அதிகமா? உன் பச்சை ஸ்வெட்டர் நாற்காலியிலேயே கிடக்கிறது. அனுப்பவா?


மார்ச் 5

மெக்கானிக் ஐயாவுக்கு,

அனுப்புங்கள். விடிகாலையில் பல் கிட்டித்துப் போகிறது.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டீர்கள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்திருப்பீர்கள். அந்த "உன் இஷ்டம்" இருக்கிறதே, அதற்கு வேண்டாம் என்பதே தேவலை. வேண்டாம் என்றால் சண்டையாவது போடலாம். நம் வீட்டில் நான் எதைக் கேட்டாலும் அது என் இஷ்டமாகத்தான் முடிந்தது. ஒன்றாவது நம் இஷ்டமாக இருந்ததா?

சரி, விடுங்கள். நேற்று ஆற்றோரப் பாதையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். தாய் ஒரு மீனைப் பிடித்து வந்து குட்டிகள் முன்னால் போட்டது. மீன் துள்ளியதும் குட்டிகள் மூன்றும் அலறியடித்துக்கொண்டு தாயின் முதுகில் ஏறிவிட்டன. தாய் அந்த மீனைப் பார்த்தது, குட்டிகளைப் பார்த்தது, இந்தப் பிழைப்பு தேவையா என்பதுபோல வானத்தைப் பார்த்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உங்களிடம் காட்டவேண்டும் என்று சட்டென்று திரும்பினேன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பார்வையாளர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு நாள் முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

ஏப்ரலில் விருந்தினர் அறை காலியாக இருக்கும்.


மார்ச் 21

மகாராணிக்கு,

ஏப்ரல் இரண்டாவது வாரம் நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன்.

சில சந்தேகங்கள். அட்டை கடிக்குமா? குளியலறையில் கதவு உண்டா? என் ஷூவைப் பார்த்து அக்கா, "இத போட்டுக்கிட்டு நீ கல்யாணத்துக்குப் போகலாம், காட்டுக்குப் போக முடியாது" என்கிறாள். புதிது வாங்கிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறேன். கீழ்வீட்டு டீச்சர் வந்து, "மேல யாரு சார் பரேட் பண்றது?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நீர்நாய் வரும்தானே? எத்தனை மணிக்கு?


ஏப்ரல் 20

என்னவருக்கு,

ஸ்வெட்டரை நீங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நாலு நாள் என்று வந்தவர் மூன்றாம் நாள் காலை பார்வையாளர்களின் ஜீப்பில் ஏறிவிட்டீர்கள். "ஆஸ்பத்திரில லிஃப்ட் என்னாச்சோ தெரியல" என்றீர்கள். போனே இல்லாத இடத்தில் அந்த லிஃப்ட் உங்களுக்கு எப்படிச் சேதி அனுப்பியது?

அதற்கு முந்தைய நாள் மேட்டுப்பாதையில் நடந்ததை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாம் சிரித்துக்கொண்டுதான் போனோம். கரடியைப் பார்த்ததும் கையைப் பின்னால் நீட்டி உங்களை நிறுத்தினேன். நீங்கள் அப்படியே நின்றீர்கள், நன்றாகத்தான் நின்றீர்கள். அது குட்டிகளோடு ஒதுங்கிப் போனதும் திரும்பிப் பார்த்தால் உங்கள் முகமே மாறியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது டாக்டரம்மா, "பயந்துட்டீங்களாண்ணா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். தட்டோடு எழுந்து போய்விட்டீர்கள்.

பயந்ததில் என்ன வெட்கம்? முதல்முறை பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுபோனது. என் முன்னால் பயந்தது உங்களுக்கு அவமானமாக இருந்ததென்றால், இத்தனை வருஷம் நாம் என்ன குடித்தனம் நடத்தினோம்?

விருந்தினர் அறையில் உங்கள் புது ஷூவின் மண்தடம் அப்படியே இருக்கிறது. பெருக்க வந்தவரிடம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.


ஏப்ரல் 30

அன்புள்ள உனக்கு,

பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கிளம்பியது அதனால் இல்லை.

அந்தக் கரடி இரண்டு காலில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? குட்டிகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன. நீ அதனிடம் பேசினாய். "ஒண்ணுமில்லம்மா... நாங்க போயிடறோம்... நீ உன் பிள்ளைங்களப் பாரு... இதோ போயிட்டோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தாய். உன் கை என் மார்பில் பட்டது. அது நடுங்கவில்லை.

அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் எனக்கு டைபாய்டு வந்தபோது அந்தக் குரலில்தான் பேசுவாய். அப்புறம் எங்கே போயிற்று என்று நான் தேடவே இல்லை. காட்டில் ஒரு கரடிக்குக் கிடைக்கிறது. சிரிக்காதே. எனக்கு அந்தக் கரடிமேல் பொறாமை.

இன்னொன்று. நம் வீட்டில் நீ எப்போதும் விருந்துக்கு வந்தவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாய். உன் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு பாறையில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தாயே, அப்போதுதான் இவள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால், வா போகலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். நீயும் வந்திருப்பாய். வந்து மறுபடியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாய். அதனால்தான் லிஃப்ட்மேல் பழியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அறையைப் பெருக்கச் சொல். தூசி உனக்கு ஆகாது.


மே 14

இந்தக் கடிதத்தை எத்தனை முறை எழுதினேன் என்று டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. "கரடிமேல பொறாமையாம்" என்று மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று பார்த்தேன். எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

அந்தக் குரல் எங்கும் போகவில்லை. நீங்கள் காய்ச்சலிலேயே படுத்திருக்கவில்லை, எழுந்துவிட்டீர்கள். நன்றாக இருப்பவரிடம் அந்தக் குரலில் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் சொல்லித்தரவில்லை.

நாற்காலி நுனி விஷயம் உண்மை. ஆனால் அது உங்களால் இல்லை. அந்த ஊர், அந்த ஆபீஸ், மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற எதிர்க் கட்டடத்துச் சுவர், எல்லாம் சேர்ந்து என்னை நுனிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தன. உங்களை அவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு இவ்வளவு தூரம் தேவைப்பட்டது.

இப்போது ஒரு விஷயம். ரேஞ்சர் என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார். மழைக்காலம் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இந்தமுறை கேட்கிறேன். என்ன செய்யட்டும்? "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.


ஜூன் 17

உனக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில் மழை வந்துவிட்டது.

பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். ஆறு காட்டைத் தின்பதுபோல இருந்தது. மரப்பாலம் போய்விட்டது என்று எழுதியிருந்தது. வாசல் ஆபீசுக்குப் போன் செய்தேன். "எல்லாரும் பத்திரமா இருக்காங்க சார்" என்றார் ஒருவர். "எல்லாரும்னா யார் யாரு?" என்று கேட்டேன். "எல்லாரும்தான் சார்" என்றார். மறுநாளும் போன் செய்தேன். அதற்கு மறுநாளும். இப்போதெல்லாம் என் குரல் கேட்டதுமே, "பத்திரம் சார்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

வேலையில் கவனமில்லை. துணிக்கடை லிஃப்டில் வயரை மாற்றி இணைத்துவிட்டேன். மேலே போகிற பட்டனை அமுக்கினால் கீழே வந்தது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய் தூங்கு" என்றார். வீட்டுக்கு வந்து என்ன தூங்குவது? ஜன்னலில் நின்று எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அது ஒரு கண்றாவியான சுவர்.

இது உன் கைக்கு எப்போது வரும், வருமா என்றே தெரியவில்லை. ஒரு வரி எழுது. வேறெதுவும் வேண்டாம்.


ஜூன் 29

என்னவருக்கு,

பத்திரமாக இருக்கிறேன். முதலில் இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

பாலம் போனது உண்மை. நல்லவேளை, அப்போது அதன்மேல் யாரும் இல்லை. டாக்டரம்மா சேற்றில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து எங்களை அதிகாரம் செய்கிறாள். மேட்டுப்பாதையில் பாதி சரிந்துவிட்டது. நீர்நாய்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. தினமும் ஆற்றோரம் போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் கடிதம் ஆற்றைத் தாண்டி வந்த விதத்தைக் கேளுங்கள். பாலம் கட்டுவதற்கு முன்னால் சாமான் அனுப்ப இங்கே ஒரு கம்பிவடம் இருந்ததாம். கரைக்குக் கரை கட்டியது. அதில் இரும்புச் சட்டத்தில் ஒரு பலகை தொங்கும். தொட்டில் என்று சொல்கிறார்கள். இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று கயிற்றால் இழுக்கவேண்டும். மாவு, பருப்பு, மருந்து, உங்கள் கடிதம் எல்லாம் அதில்தான் வந்தன. ஆனால் அது ஆற்றின் நடுவில் வந்ததும் கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றுவிடுகிறது. கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி இழுத்தால் நகர்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்தே வருகிறது. போன வாரம் ஒரு மாவு மூட்டை ஆற்றோடு போய்விட்டது. பழுது பார்க்க ஆள் வர நாளாகுமாம்.

உங்களை வரச் சொல்லவில்லை. வழியெல்லாம் மோசமாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் சொன்னால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதினேன்.

இரவெல்லாம் ஆற்றுச் சத்தம். உங்கள் குறட்டைதான் உலகத்திலேயே பெரிய சத்தம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது அதைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்குவேன்.


ஜூலை 9
இக்கரை

மகாராணிக்கு,

மாவு மூட்டையோடு வந்த இந்தக் காகிதம் தபாலில் வந்ததில்லை. தலையை நிமிர்த்தி எதிர்க்கரையைப் பார். மஞ்சள் ரெயின்கோட்டில் கோமாளிபோல ஒருவன் கையாட்டுகிறானே, அது நான்தான்.

நீ எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, கப்பியில் பேரிங் போயிருக்கிறது. ஒரு சக்கரம் தேய்ந்து வடத்தைவிட்டு விலகுகிறது. அதனால்தான் சாய்வு. முதலாளியிடம் லீவு கேட்டேன். "நீ இருந்து என்ன கிழிக்கிறே, போயிட்டு வா" என்று பழைய லிஃப்டில் கழற்றிய இரண்டு நல்ல கப்பிகளையும் கொடுத்தனுப்பினார்.

வாசலில் விடவில்லை. "பூங்கா மூடியாச்சு சார், பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்ல."

"நான் பார்வையாளர் இல்லீங்க, லிஃப்ட் மெக்கானிக்."

"இங்க ஏது சார் லிஃப்ட்?"

"இருக்கே. குறுக்கே போற லிஃப்ட்."

அவர் என் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். பிறகு, "நீங்கதானே தினமும் போன் பண்றது?" என்றார். ரேஞ்சரிடம் பேசி ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

உன்னைப் பார்த்துவிட்டேன். அந்தப் பச்சை ஸ்வெட்டர். இளைத்துவிட்டாய். உன் பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். என் காதுக்கே கேட்கவில்லை, இந்த ஆறு அவ்வளவு சத்தம் போடுகிறது.


அதே நாள், இரவு

விடிந்ததும் காலி மூட்டைகளோடு இதை அனுப்புவேன்.

பார்த்தேன். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வந்து, மற்றவர்களெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் நேராகப் போய்க் கப்பியை அண்ணாந்து பார்த்தது. இந்த உலகத்தில் இப்படி ஓர் ஆள்தான் உண்டு என்று தோன்றியது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் பேசியதும் உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்காதது நல்லதுதான். நாலு பேர் முன்னால் சொல்கிற வார்த்தைகள் இல்லை அவை.

இத்தனை நாள் நீங்கள் தெரியாத தூரத்தில் இருந்தீர்கள், தாங்கிக்கொண்டேன். இப்போது நீங்கள் குனிவதும் நிமிர்வதும் தெரிகிறது. சட்டைக் கையில் முகத்தைத் துடைப்பதுகூடத் தெரிகிறது. இது தாங்கவில்லை. இருட்டியதும் எல்லாரும் போய்விட்டார்கள். நீங்கள் கூடாரத்துக்குள் போகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா கேட்கச் சொன்னாள்: அண்ணாவுக்குக் கரடிப் பயம் போயிற்றா?


ஜூலை 13

டாக்டரம்மாவிடம் சொல், போகவில்லை. நேற்று கூடாரத்துக்குப் பின்னால் ஏதோ உறுமியது. "ஒண்ணுமில்லம்மா, நாங்க போயிடறோம்" என்று உன்னைப்போலவே சொல்லிப் பார்த்தேன். பார்த்தால் ஜீப் டிரைவரின் குறட்டை.

கப்பி இரண்டையும் மாற்றியாகிவிட்டது. வடத்தை ஒரு முழம்கூட விடாமல் பார்த்தேன். புதுத் தொட்டில், இரண்டு பக்கமும் பிடி, இடுப்புக்குப் பெல்ட். இன்று முழுக்க மணல் மூட்டை ஏற்றிச் சோதித்தோம். கிறீச்சென்ற சத்தமே இல்லை, கவனித்தாயா? ஆள் ஏறலாம் என்று ரேஞ்சர் அனுமதி கொடுத்துவிட்டார். மழைக்காலம் முடியும்வரை இதைப் பார்த்துக்கொள்ள உங்கள் பக்கம் ஒரு ஆள் வேண்டுமாம். "நீங்க இருக்கறீங்களா?" என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மே மாதம் நீ கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். அந்த வேலையை விடாதே. இது உன் இஷ்டம் இல்லை, என் இஷ்டம். மழை நின்ற பிறகு நான் எங்கே, நீ எங்கே, அந்த நாலாவது மாடி என்னாவது, எதுவும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். கடிதத்தில் சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

காலையில் முதல் ஆளாக நான் ஏறட்டுமா? கேட்கிறேன்.


ஜூலை 13, மாலை

ஏறுங்கள்.

மழை நின்ற பிறகு நடப்பது எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதியதே எனக்குப் போதும். பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். நடு ஆற்றில் கீழே பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்.

இந்தக் கரையில் கயிறு இழுப்பவர்களில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். மெதுவாக இழுப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.